ரகப் பெயரில் விற்கப்படும் விதைக்கன்று: வெண்ணெய்ப்பழம் நடுவோர் அறிய வேண்டியவை

வெண்ணெய்ப்பழக் கொட்டையை முளைக்க வைப்பது எளிது. அகன்ற பக்கம் கீழே இருக்கும்படி பாதி வரை மண்ணில் புதைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், ஒன்றிரண்டு மாதங்களில் கொட்டை பிளந்து தண்டு கிளம்பிவிடும். வீட்டுத் தோட்டத்தில் இப்படி வளர்ப்பதில் தவறே இல்லை. அந்தக் கன்றுக்கு ஒரு ரகப் பெயரைச் சூட்டி ஒட்டுக்கன்று விலைக்கு விற்பதுதான் தவறு. ஹாஸ் என்ற ரகப் பழத்தின் கொட்டையிலிருந்து வந்த கன்று ஹாஸ் ஆகாது. காரணம், வெண்ணெய்ப்பழ மரத்தின் பூ இரண்டு முறை மலரும். முதலில் பெண்ணாக, பிறகு ஆணாக. ஏ வகை மரத்தில் பூ காலையில் பெண்ணாக மலர்ந்து மூடி, மறுநாள் பிற்பகலில் ஆணாகத் திறக்கும். பி வகையில் பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். இந்த நேர வேறுபாட்டால் அயல் மகரந்தம் சேர நிறைய வாய்ப்பு உண்டு. தன் மகரந்தமே சேர்ந்தாலும் பிள்ளை தாயை அப்படியே உரித்து வைத்தது போல் வராது; மரத்தின் மரபுக்கூறுகள் அவ்வளவு கலவையானவை. காயின் அளவு, எண்ணெய்ச் சத்து, காய்ப்பு எல்லாமே மாறும். ரகத்தின் குணம் மாறாமல் வேண்டுமானால் அந்த ரகத்தின் குச்சியை எடுத்து ஒட்டுக் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஹாஸ் ரகமே ஒரு விதைக்கன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். கலிஃபோர்னியாவின் லா ஹாப்ரா ஹைட்ஸில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் 1920-களில் நட்ட விதையிலிருந்து வந்தது அது. அந்தக் கன்றில் வேறு ரகத்தை ஒட்டப் பார்த்தார்கள், ஒட்டு பிடிக்கவில்லை, விட்டுவைத்த மரம் அருமையாகக் காய்த்தது. 1935-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு உலகம் முழுவதும் பரவிய ஹாஸ் மரங்கள் அந்த ஒரு மரத்தின் குச்சி வழியே வந்தவை, கொட்டை வழியே வந்தவை அல்ல. காப்புரிமையும் 1952-லேயே முடிந்துவிட்டதால் ஹாஸை ஒட்டுக்கட்டிப் பெருக்க இன்று யாருடைய அனுமதியும் தேவையில்லை. கீழ்ப்பழனி மலைக் காப்பித் தோட்டங்களில் விதையில் வந்த பழைய மரங்கள் நன்றாகவே காய்க்கின்றனவே என்பதும் நியாயமான கேள்வி. அங்கே காப்பிதான் வருமானம். வெண்ணெய்ப்பழம் நிழலோடு கிடைக்கும் கூடுதல். கடன் வாங்கி ஓர் ஏக்கர் முழுக்க இதையே நடுபவரின் நிலைமை வேறு. விதைக்கன்று காய்க்க ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்.

ஏமாற்றத்தைவிடக் கொடியது இந்தக் கால இடைவெளி. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். மரமோ நான்காம் ஆண்டில்தான் தன் உண்மையைச் சொல்லும். தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் நுகர்வோர் ஆணையம் மன்னிக்கலாம். ஆனால் அது ஆணையத்தின் முடிவு. விற்றவர் அன்று என்ன சொல்லி விற்றார் என்பதற்குச் சான்று இல்லாவிட்டால் வழக்கு நிற்காது. ஆகவே காய்ப்புக்காகக் காத்திருக்காமல் வாங்கும் நாளிலேயே உங்கள் உரிமையை உறுதி செய்துகொள்ளுங்கள். ரகப் பெயர், 'ஒட்டுக்கன்று' என்ற சொல், எண்ணிக்கை, விலை, தேதி எல்லாம் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 'கன்றுகள்' என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். விவசாயி நுகர்வோர் அல்ல என்று விற்றவர் வாதாடலாம். ஆனால் விதை வாங்கி நட்டமடைந்த விவசாயி நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாங்கிய பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

கன்றைக் கையில் எடுத்துப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். மண்ணுக்குச் சற்று மேலே தண்டில் ஆப்பு வடிவத் தழும்பு இருக்கிறதா, அதற்கு மேலும் கீழும் பட்டையின் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். அடியில் கொட்டை ஒட்டிக்கொண்டிருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ஒட்டுக்கன்றின் அடிச்செடியும் கொட்டையில் வந்ததுதான். பாலித்தீன் சுற்றை மட்டும் நம்பவும் முடியாது. சுற்றைப் பிரித்தால் வெறும் கீறல்தான் இருக்கிறது என்றால் அந்தக் கன்றை வாங்காதீர்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளைகளை விட்டுவைத்தால் அடிச்செடி ஓங்கி, மேலே உள்ள ரகம் பட்டுப்போகும். பிறகு நர்சரிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நோய் இன்னொரு ஆபத்து. பைட்டோப்தோரா என்னும் வேரழுகல் நோய்க்கிருமி பை மண்ணோடு தோட்டத்துக்குள் வந்துவிட்டால் நிலத்தை விட்டுப் போவதில்லை. ஹாஸின் தாய்மரமே 2002-ல் வேரழுகலால்தான் மடிந்தது. அடிச்செடிக்கு விதை எடுப்பவர்கள் தரையில் கிடந்த பழத்தைத் தவிர்த்து, கொட்டையை 49–50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அரை மணி நேரம் வைத்தெடுக்க வேண்டும். நோய் தவிர இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஆடு மாடு வைத்திருப்பவர்கள் கவாத்து செய்த இலையைத் தீவனமாகப் போடவே கூடாது. இலையிலும் கொட்டையிலும் உள்ள பெர்சின் என்ற நச்சு ஆட்டின் மடியை வீங்க வைத்துப் பாலைக் குறைக்கும், இதயத்தையும் தாக்கும். பறவைகளுக்கும் முயல்களுக்கும் இது ஆபத்து.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் மரத்தை வேரோடு பிடுங்க வேண்டியதில்லை. தண்டை வெட்டி, துளிர்க்கும் கிளைகளில் நல்ல தாய்மரத்தின் குச்சியை ஒட்டினால் அதே வேரில் வேண்டிய ரகத்தை வளர்க்கலாம். ஆனால் வெட்டும் முன் தழும்பில்லாத தண்டையும் காயையும் படம் எடுத்து, தோட்டக்கலை அலுவலரிடம் எழுத்துமூலம் மனு கொடுத்து ஆய்வு அறிக்கை பெற்றுக்கொள்ளுங்கள். வெட்டிவிட்டால் உங்கள் புகாருக்கான முதல் சாட்சி போய்விடும்.