ஒரே நாளில் நாலு பொங்கல்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் சுங்குவார்சத்திரம். பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பதற்குத்தானே சத்திரம்?

இன்று ஒடிஷா, பீகார், அஸ்ஸாம் முதலிய ராஜ்யங்களிலிருந்து வந்தோர் இவ்வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். இத்தகையோரின் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கப் பள்ளிக் கல்வித் துறை 2025-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால், பக்கத்தில் உட்காரும் நம் பிள்ளை அவர்களைப் பற்றி என்ன அறியும்? பெரியவர்கள் வாயிலிருந்து பொறுக்கிய ‘வடக்கன்’ என்ற சொல்லைத்தான்!

இது விளையாட்டல்ல. பீகார்த் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவின. பீகார் சர்க்கார் அதிகாரிகளை அனுப்பி விசாரிக்க நேர்ந்தது.

பாடம் தொடங்கப் பொங்கலே போதும். அதே சங்கராந்தியன்று ஒடிஷாவில் புது அரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லம், தேங்காய், வாழைப்பழம், பால் சேர்த்துப் பிசைந்து படைக்கிறார்கள். அதற்கு அடுப்பே வேண்டாம்! பீகாரில் தயிரும் அவலும். கூடவே எள்ளும் வெல்லமும் சேர்ந்த ‘தில்குட்’. அஸ்ஸாமில் முதல் நாள் இரவு ஊர் கூடி விருந்துண்டு, விடியலில் ‘மேஜி’ கொளுத்துகிறார்கள். நம் போகிக்குத் தங்கை என்னலாம்.

“உங்கள் வீட்டில் அன்று என்ன செய்வார்கள்?” என்று ஆசிரியர் வகுப்பு முழுவதையும் கேட்கட்டும். நம்மூர்ப் பிள்ளைகளின் பதிலே வீட்டுக்கு வீடு மாறும்! வெளியூர்க் குழந்தையை மட்டும் எழுப்பி நிறுத்தினால் கூச்சந்தான் மிஞ்சும். அவலும் வெல்லமும் சுங்குவார்சத்திரம் கடைகளிலேயே கிடைக்கும்.