குஞ்சு வாங்குமுன் சிந்திப்போம்

ஊரை விட்டு வந்த குடும்பத்துக்குக் கோழி வளர்ப்பு இலகுவான தொழிலாகத் தோன்றும். வயல் தேவையில்லை, மாடு வாங்குமளவு முதலும் தேவையில்லை. ஆயினும் கையிலுள்ள சிறு பணத்தைக் குஞ்சுகளில் போடுமுன் நாம் நான்கு விடயங்களைச் சிந்திக்க வேண்டும்.

முதலாவது, காலம். ஒருநாள் குஞ்சு முட்டையிட ஏறத்தாழ ஐந்து மாதம் செல்லும். அதுவரை செலவு மட்டுமே. ஐந்து மாதமும் இதே இடத்தில் இருப்போமா? இருப்பது பிறர் காணியானால், தோட்ட லயமானால், உரியவரிடம் முதலில் அனுமதி கேட்போம்.

இரண்டாவது, கூடு. போகும்போது தூக்கிச் செல்லக்கூடிய மரக்கூடே நமக்கு ஏற்றது. கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி இடம் வேண்டும். கண்டியின் மழையில் தரை ஈரமானால் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். ஆகவே தளத்தை இரண்டடி உயர்த்துவோம். கீரியும் மரநாயும் புகாதபடி கம்பிவலை அடித்து, இரவில் பூட்டுவோம். கிணற்றருகே கூடு வேண்டாம்.

மூன்றாவது, தீன். முட்டையிடும் பண்ணைக்கோழி நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தின்னும். பத்துக் கோழிகளுக்கு மாதம் சுமார் 35 கிலோ. அத்தனையும் காசுக்கு வாங்க வேண்டும். 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் தீன் விலை எகிறியபோது சிறு பண்ணைகள் பல மூடப்பட்டன. 2023இல் நாடு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தது. நாட்டுக்கோழி குறைவாகவே முட்டையிடும். ஆனால் தன் இரையின் பெரும்பகுதியைத் தானே கிளறித் தேடும், அடைகாத்து 21 நாளில் குஞ்சும் பொரிக்கும்.

நான்காவது, நோய். ராணிக்கெட் நோய் வந்தால் கூடு முழுவதும் ஓரிரு நாளில் வெறுமையாகலாம். வந்தபின் மருந்தில்லை, தடுப்பு மருந்து உண்டு. அரசாங்க மிருக வைத்தியர் அலுவலகத்தில் விசாரிப்போம். ஒரு குப்பி மருந்து பல கோழிகளுக்குப் போதும். கரைத்தபின் சில மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். எனவே அயலவர் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரே நாளில் கொடுப்பதே சிக்கனம்.

கடன் வாங்கி நூறு குஞ்சு இறக்குவதிலும், மூன்று நாட்டுப் பேடுகளுடன் தொடங்குவது மேல். சேவல் முட்டைக்குத் தேவையில்லை. குஞ்சு வேண்டுமாயின் ஒன்று போதும். முதலில் வீட்டுப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுப்போம், மிஞ்சுவதை விற்போம். மறுபடியும் இடம்மாற நேர்ந்தாலும் மூன்று கோழிகளைக் கூடையில் கொண்டு போகலாம். நூறு கோழிகளின் கடனோ போகுமிடமெல்லாம் கூடவே வரும்.