கணினி இழுக்கும் மின்சாரம் எவ்வளவு?

திவான் சேஷாத்ரி ஐயரின் முயற்சியால் மைசூர் சமஸ்தானம் காவிரியின் சிவசமுத்திர அருவியில் அமைத்த நீர்மின் நிலையம் 1902ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியபோது, அங்கு உற்பத்தியான மின்சாரம் முதலில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கங்களுக்கே சென்றது. தலைநகரான மைசூரு 1908 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வளவு தொலைவுக்கு மின்சாரத்தைச் செலுத்த உதவிய விதியே, இன்று அந்நகரின் மென்பொருள் வளாகங்களில் இயங்கும் கணினியின் மின்தேவையையும் விளக்குகிறது.

மின்னூட்டத்தைக் கம்பிவழியே உந்தும் அழுத்தம் வோல்ட்டிலும், ஒரு நொடியில் கடந்து செல்லும் மின்னூட்டத்தின் அளவாகிய மின்னோட்டம் ஆம்பியரிலும் அளக்கப்படுகின்றன. இவ்விரண்டின் பெருக்கல்தொகையே வாட் என்னும் திறன். ஆகவே ஒரே திறனை அழுத்தத்தை உயர்த்தி ஓட்டத்தைக் குறைத்தும் அனுப்பலாம், அழுத்தத்தைத் தாழ்த்தி ஓட்டத்தைப் பெருக்கியும் அனுப்பலாம். ஆனால் கம்பி சூடேறி வீணாகும் ஆற்றல், ஓட்டம் இருமடங்கானால் நான்கு மடங்காகிவிடும் என்பதால், கோலாருக்குச் சென்ற கம்பிகளில் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் தேவைப்பட்டது.

கணினிக்குள் நிகழ்வதோ இதற்கு நேர்மாறானது. வீட்டின் 230 வோல்ட் இணைப்பிலிருந்து 115 வாட் பெறும் மேசைக் கணினிக்கு ஏறத்தாழ அரை ஆம்பியர் போதும். ஆனால் அதன் செயலி ஒரு வோல்ட்டை ஒட்டிய தாழ்ந்த அழுத்தத்தில் இயங்குவதால், 1.2 வோல்ட்டில் 60 வாட் பெறுவதற்கு 50 ஆம்பியர் ஓட்டம் வேண்டியிருக்கிறது. நகம் அளவுள்ள ஒரு சில்லுக்குள் இத்தனை ஓட்டம் பாய்வது உண்மையிலேயே வியப்புக்குரியது. அழுத்தத்தைத் தாழ்த்தும் சுற்றுகளைச் செயலிக்கு ஒட்டினாற்போல் மதர்போர்டில் பொருத்துவதும் இதனால்தான். சில அங்குலம் விலகினாலும் இழப்பு கூடிவிடும்.

மின்வழங்கிப் பெட்டியின் மேல் 450 வாட் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு, கணினி எந்நேரமும் அவ்வளவு இழுக்கிறது என்று பலர் அஞ்சுகின்றனர். அந்த எண் பெட்டி தரக்கூடிய உச்ச அளவையே குறிக்கிறது. கணினி எழுத்துப் பணியில் குறைவாகவும், உயர்தர வரைகலை விளையாட்டில் மிகுதியாகவும் எடுத்துக்கொள்ளும். உண்மையான அளவை அறிய விரும்புவோர், சுவர்ச் செருகிக்கும் கணினிக்கும் இடையே பொருத்தும் சிறிய வாட் மீட்டரை வாங்குவதே சிறந்த வழி.

மின்கட்டணம் கணக்கிடப்படும் யூனிட் என்பது 1,000 வாட் திறன் ஒரு மணிநேரம் செலவாவதைக் குறிப்பதால், 100 வாட் கணினி பத்து மணிநேரம் இயங்கினால் ஒரு யூனிட் ஆகும். 50 வாட் மடிக்கணினிக்கோ அதே யூனிட் இருபது மணிநேரம் வரும். குளியலறையின் 2,000 வாட் கீசர் அதை அரைமணியில் தீர்த்துவிடும்.