திறக்காத கடிதத்தின் விலை: ஜேர்மனியின் மருத்துவக் காப்புறுதி பற்றி ஓர் அனுபவம்

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் துண்டெடுத்து, வரிசையில் நின்று மருந்து வாங்கி வளர்ந்தவன் நான். வரிசை நீளும். சில மருந்துகளை வெளியில் வாங்கச் சொல்வார்கள். ஆனால் வைத்தியரைப் பார்ப்பதற்கு எவரும் காசு கேட்டதில்லை. அதனால் ஜேர்மனியில் எனது முதற் சம்பளத் துண்டைப் பார்த்தபோது, நோயே இல்லாத என்னிடம் எதற்காக இவ்வளவு பிடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அதை விளங்கிக்கொள்ள முயலாததன் பலனை 2025ஆம் ஆண்டில் அனுபவித்தேன்.

நான் வேலை செய்த உணவகம் மூடப்பட்டது. கிடைத்த சிறு வேலையொன்றில் சேர்ந்தேன். மாதம் 500 யூரோ. சில வாரங்களில் காப்புறுதி நிதியத்திலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. அவற்றை நான் திறக்கவில்லை. ஊரில் பெயர் எழுதி வரும் அரச கடிதம் என்றால் பெரும்பாலும் விசாரணைக்கான அழைப்புத்தான். அந்தப் பயம் கடல் கடந்தும் போகவில்லை. கடிதங்களை அலுமாரிக்குள் போட்டு மூடினேன். நான்கு மாதம் கழித்து, மொழி தெரிந்த தம்பி ஒருவர் அவற்றைப் பிரித்து வாசித்தார். 4,500 யூரோவுக்கு மேல் கட்டவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் என் மனைவி இங்கு வருவதற்கான விசாவுக்குக் காத்திருந்த நேரம் அது. குடும்பத்தை அழைப்பவர் பொதுவாகத் தன் வருமானத்தையும் மருத்துவக் காப்புறுதியையும் காட்டவேண்டும். என் கையில் இருந்தது கடன் மட்டுமே.

பணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

ஜேர்மனியில் வசிக்கும் அனைவருக்கும் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். பெரும்பாலானோர் ‘கிராங்கன்காஸ’ எனப்படும் பொதுக் காப்புறுதி நிதியங்களில் இருக்கிறார்கள். 1883இல் பிஸ்மார்க் காலத்தில் தொடங்கிய முறை இது. இதில் உங்கள் வயதையோ நோயையோ பார்த்துக் கட்டணம் தீர்மானிப்பதில்லை. வருமானத்தைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். வெளிநாட்டவருக்கும் ஜேர்மனியருக்கும் ஒரே வீதம்தான்.

அடிப்படைக் கட்டணம் மொத்தச் சம்பளத்தில் 14.6 வீதம். அதற்கு மேல் ஒவ்வொரு நிதியமும் தனக்கென மேலதிகக் கட்டணம் ஒன்றை அறவிடும். 2025இல் அதற்கு அரசு அறிவித்த சராசரி 2.5 வீதம். இரண்டிலும் பாதியை முதலாளி கட்டுவார். உதாரணமாக 2,500 யூரோ சம்பளம் பெறுபவரிடம் 213 யூரோ 75 சதம் பிடிபடும். பராமரிப்புக் காப்புறுதி வேறு. ஒரு பிள்ளை உள்ளவருக்கு அதில் 1.8 வீதமும், 23 வயதைத் தாண்டிய பிள்ளை இல்லாதவருக்கு 2.4 வீதமும் சம்பளத்திலிருந்து போகும்.

வருமானம் இல்லாத மனைவியோ கணவனோ, பிள்ளைகளோ மேலதிகப் பணமின்றி அதே காப்புறுதியில் சேரலாம். படிக்கும் பிள்ளைக்கு 25 வயது வரை இது பொருந்தும். ஆனால் பெற்றோரைச் சேர்க்க முடியாது. ஊரிலிருந்து பார்க்க வரும் அம்மா அப்பாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும்.

அகதித் தஞ்சம் கோரியவர்களின் நிலை வேறு. முதல் 36 மாதங்களுக்கு, பெரும்பாலும் கடும் நோய்க்கும் வலிக்குமான சிகிச்சையும் கர்ப்பகாலப் பராமரிப்பும் மட்டுமே கிடைக்கும். அதற்கான செலவை அரசு ஏற்கும்.

நான் விழுந்த இடம்

‘மினிஜொப்’ எனப்படும் சிறு வேலைக்கு 2025இல் மாத எல்லை 556 யூரோ. இந்த வேலை செய்பவருக்கு அதன் மூலம் மருத்துவக் காப்புறுதி கிடைக்காது. இது எனக்குத் தெரியாது. எம்மவர் பலருக்கும் தெரியாது.

வேலை போனாலும் காப்புறுதி நின்றுவிடுவதில்லை. வேறு வழியில் காப்புறுதி இல்லாதவரை நிதியம் தானாகவே ‘சுயவிருப்ப உறுப்பினர்’ ஆக்கிவிடும். இனி முதலாளியின் பாதி இல்லை, முழுப்பணமும் நாமே கட்டவேண்டும். வருமானம் மிகக் குறைவானாலும், மாதம் ஏறக்குறைய 1,248 யூரோ உழைப்பதாக வைத்துத்தான் 2025இல் கணக்கிட்டார்கள். அது மாதம் சுமார் 250 யூரோ.

அப்படியானால் எனக்கு எப்படி 4,500 வந்தது? அந்தக் கடிதங்களில் வருமான விபரம் கேட்கும் படிவம் ஒன்று இருந்தது. அதை நிரப்பி அனுப்பாவிட்டால், நீங்கள் உச்ச வருமானம் பெறுபவர் என்று கருதி உச்சக் கட்டணத்தை விதிப்பார்கள். அது மாதம் 1,100 யூரோவுக்கும் மேல். ஐந்நூறு யூரோ உழைத்த என்னிடம் கேட்கப்பட்டது அந்தத் தொகைதான்.

இரண்டு மாத நிலுவை சேர்ந்து, நினைவூட்டலுக்கும் பணம் கட்டாவிட்டால் காப்புறுதி முடக்கப்படும். பெரும்பாலும் அவசர நோய், வலி, கர்ப்பகாலச் சிகிச்சை போன்றவற்றுக்கு மட்டுமே அதன் பின் இடமுண்டு. நிலுவைக்கு மாதம் 1 வீதம் தண்டமும் சேரும்.

மீண்டது எப்படி?

காரித்தாஸ், டியாக்கோனி போன்ற அமைப்புகள் குடிபெயர்ந்தோருக்கு இலவச ஆலோசனை நிலையங்களை நடத்துகின்றன. அப்படியான ஒரு நிலையத்துக்குக் கடிதக்கட்டுடன் போனேன். அங்கிருந்த பெண்மணி முதலில் சொன்னது இதுதான்: உச்சக் கட்டணம் விதிக்கப்பட்டு 12 மாதங்களுக்குள் உண்மையான வருமானத்தை நிரூபித்தால், அந்தக் காலத்துக்கான கட்டணத்தைத் திரும்பக் கணக்கிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. படிவம், சம்பளத் துண்டுகள், வங்கிக் கணக்கறிக்கை ஆகியவற்றை அன்றே அனுப்பினோம். கடன் ஆயிரம் யூரோ சொச்சமாக இறங்கியது. அதையும் தவணை முறையில் கட்ட உடன்பட்டார்கள்.

அவர் இன்னொன்றும் சொன்னார். வேலை போனவுடன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருந்தால் எனக்கு வேலையிழப்புக் கொடுப்பனவு கிடைத்திருக்கும். அந்தக் காலத்துக் காப்புறுதிப் பணத்தையும் அந்த அலுவலகமே கட்டியிருக்கும். அதைக் கேட்டபோது என்மேல்தான் கோபம் வந்தது.

கையிலிருந்து போகும் காசு

காப்புறுதி இருந்தாலும் சிறு செலவுகள் உண்டு. வைத்தியர் எழுதும் மருந்தொன்றுக்கு விலையில் 10 வீதம், ஆனால் பொதுவாக 5 யூரோவுக்குக் குறையாமலும் 10 யூரோவுக்கு மேற்படாமலும் கட்டவேண்டும். வைத்தியசாலையில் தங்கினால் நாளுக்கு 10 யூரோ, ஆண்டில் 28 நாட்களுக்கு மட்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இவை இல்லை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆண்டு வருமானத்தில் 2 வீதத்துக்கு மேல் நீங்கள் கட்டத் தேவையில்லை. நீரிழிவு போன்ற நீண்டகால நோய்க்குத் தொடர்ந்து சிகிச்சை பெறுவதாக உறுதிப்படுத்தப்பட்டவருக்கு 1 வீதம். ஆனால் நீங்களாக விண்ணப்பித்தால்தான் இந்த விலக்குக் கிடைக்கும். ஆகவே பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். எங்கள் வீடுகளில் சீனி வருத்தமும் பிரஷரும் இருப்பவர்கள் குறைவில்லை.

எந்த நிதியத்திலும் சிகிச்சை உரிமைகள் பெரும்பாலும் ஒன்றே, சட்டம் வகுத்தவை. மேலதிகக் கட்டணம்தான் வேறுபடும். 12 மாதம் ஒரு நிதியத்தில் இருந்தபின் மாறலாம். கட்டணம் கூட்டப்பட்டால் அதற்கு முன்னரே மாறவும் உரிமை உண்டு.

என் மனைவி இப்போது இங்கே இருக்கிறாள். முழுநேர வேலை கிடைத்த பின்னரே அவளுக்கு விசா கிடைத்தது. தபால்பெட்டியைத் திறக்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. ஆனாலும் வந்த கடிதத்தை அன்றே பிரிக்கிறேன். விளங்காவிட்டால் விளங்கியவரிடம் கொண்டுபோகிறேன். உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படிக் கடிதங்கள் இருந்தால், இன்றே எடுத்துத் திகதியைப் பாருங்கள். 12 மாதம் இன்னும் முடியாமல் இருக்கலாம்.