கரையோர அடுப்படி – 11: பிறைக்குக் காத்திருக்கும் தேங்காய்

ரமளான் 29-ஆம் நாள் சாயங்காலம் காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ அதிராம்பட்டினத்திலோ எந்த வீட்டு அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒரு கேள்வி காதில் விழும்: "உம்மா, தேங்காயை உடைக்கவா, வேணாமா?" உம்மாவிடம் பதில் இருக்காது. பதில் மேற்கு வானத்தில் இருக்கிறது. பிறை தெரிந்துவிட்டால் விடிந்தால் நோன்புப் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. சஹருக்குச் சோறும் ஆணமும் ஆக்கியாக வேண்டும்.

காலண்டரில் ஒரு தேதி அச்சாகித்தான் இருக்கிறது. அதை நம்பி யாரும் கறிக்குச் சொல்லிவைப்பதில்லை. 2023-இல் தமிழ்நாட்டில் 29 நோன்போடு பெருநாள் வந்தது, ஏப்ரல் 22. அடுத்த வருஷம் 29-ஆம் நாள் பிறை தெரியவில்லை. 30 நோன்பும் நிறைந்து ஏப்ரல் 11-இல் பெருநாள். அதே 2024-இல் பக்கத்துக் கேரளத்தில் ஏப்ரல் 10-ஆம் தேதியே பெருநாள் முடிந்துவிட்டது. 2025-இல் மறுபடியும் 29. மார்ச் 31 பெருநாள். இப்படி நாள் தெரியாமலே ஒரு பண்டிகைக்குத் தயாராவதற்கென்று நம் பெண்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எதை முன்னால் செய்துவைக்கலாம், எதைப் பிறைக்குப் பிறகுதான் தொடவேண்டும் என்கிற கணக்கு. இந்த வாரம் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முன்னால் செய்யக்கூடிய வேலை ஷஃபான் மாதத்திலேயே தொடங்கிவிடும். மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு, மஞ்சள் காயவைத்து அரைத்து டப்பாவில் அடைத்துவிட்டால் நோன்பு மாதம் முழுக்க ஓடும், பெருநாள் கறிக்கும் மிச்சம் இருக்கும். கடைசிப் பத்தில் இடியாப்ப மாவு. பச்சரிசியை ஊறவைத்து, நீர் வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றிலும் போகுமுன் இடித்துச் சலித்து வறுக்க வேண்டும். சிவந்துவிடக் கூடாது. வறுபடாத மாவில் பிழிந்த இடியாப்பம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உரல் போய் மில் வந்தது. மில்லும் போய்ப் பாக்கெட் மாவு வந்துவிட்டது. பாக்கெட் மாவை நான் குறை சொல்லமாட்டேன். நோன்பு வைத்துக்கொண்டு உலக்கை பிடித்தவர்களின் தோள்களைக் கேட்டால் அவையும் குறை சொல்லா.

நெய்ச்சோற்றுக்கு வெங்காயம் பொரித்து வைத்துக்கொள்ளலாம். இஞ்சி பூண்டு விழுதில் உப்பும் எண்ணெயும் சேர்த்து வைத்தால் சில நாள் கெடாது. பரணில் இருக்கும் சஹன்களையும் தாம்பாளங்களையும் இறக்கிப் புளி போட்டுத் துலக்கலாம். பாய், தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் 27-ஆம் கிழமைக்கு முன்னாலேயே துவைத்தாகிவிடும். துணிமணி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தையற்காரர் கடைசி நாள்வரை "நாளைக்கு வாங்க" என்பார், பிறை இரவில் பட்டன் இல்லாமல் கொடுப்பார்.

முன்னால் செய்ய முடியாதவற்றில் முதலாவது வட்டிலப்பம். பெருநாள் காலையில் இடியாப்பம், கறி, பக்கத்தில் வட்டிலப்பம் இல்லையென்றால் இந்தக் கரையில் அது பெருநாளே இல்லை. கடல் வியாபாரத்தோடு சேர்ந்து பழகிய பண்டம் இது. இலங்கையில் கித்துள் கருப்பட்டி போடுகிறார்கள். நம் பக்கம் பனங்கருப்பட்டி, பல வீடுகளில் வெறும் சர்க்கரை. பத்து முட்டைக்கு ஒரு பெரிய தேங்காயின் கெட்டிப்பால், கால் கிலோவுக்குக் குறையாத இனிப்பு, ஏலக்காய், முந்திரி. சேர்மானம் இவ்வளவுதான். கெட்டுப்போவதற்கு வழிகள்தான் அதிகம். கருப்பட்டிப் பாகு ஆறுவதற்கு முன் முட்டையில் ஊற்றினால் திரிந்துபோகும். முட்டையை நுரை பொங்க அடித்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக வேகும். மூடியில் துணி கட்டாமல் ஆவியில் வைத்தால் வியர்த்த நீர் சொட்டி மேற்பரப்பில் குழி விழும். தீயைக் கூட்டினால் ஓரம் இறுகி நடு தளும்பும். முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வெந்ததும் ஆறவிட வேண்டும். சூட்டோடு வெட்டினால் உடையும். அதனால் விடிந்து செய்ய முடியாது, இரவே செய்தாக வேண்டும். தேங்காய்ப்பாலோ பிறை தெரியுமுன் பிழிந்துவைத்தால் புழுக்கத்தில் புளித்துவிடும். ஆக, தேங்காயைப் பற்றிய அந்தக் கேள்வி சின்னக் கேள்வி இல்லை.

இரண்டாவது கறி. பிறை அறிவிப்பு வந்த அடுத்த நிமிஷம் ஆண்கள் கறிக்கடைக்கு ஓடுவார்கள். வாங்கிவந்த கறியைக் கழுவி மஞ்சளும் உப்பும் போட்டு உடனே ஒரு கொதி விட்டுவைப்பது குளிர்பெட்டி இல்லாத காலத்துப் பழக்கம். இப்போது 28-ஆம் நாளே வாங்கி உறையவைத்துவிடுகிறார்கள். தாளிச்சாவுக்கு அது போதும். இடியாப்பத்துக்கு ஊற்றுகிற கறிக்கு அன்றைக்கு அறுத்த ஆடுதான் வேண்டும். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சூரியன் மறைந்த பிறகு தலைப்பிறை வானத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான். ஆனால் செய்தி வீட்டுக்கு வந்து சேர எட்டாகலாம், பத்துகூட ஆகலாம். எந்த ஊரில் யார் பார்த்தார், சாட்சி நம்பத் தகுந்ததா என்று விசாரித்து, தலைமைக் காஜியின் அறிவிப்பு வந்து, பள்ளி ஒலிபெருக்கியில் தக்பீர் முழங்க வேண்டும். சர்வதேசப் பிறை என்பவர்களும் வானியல் கணக்கு என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு வேறு நாள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் பெருநாள், எதிர்வீட்டில் நோன்பு என்பதெல்லாம் ஊருக்குப் பழகிவிட்டது. அந்த வழக்கை இந்தத் தொடரில் எடுக்கப்போவதில்லை. அறிவிப்பு வரும்வரை பள்ளிவாசல் கஞ்சி ஆக்குபவரும் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். நாளைக்கு அரிசி களைவதா, அண்டாவைக் கழுவிக் கவிழ்ப்பதா?

அறிவிப்பு வந்தபின் வீடு ஓட ஆரம்பிக்கும். ஒருத்தி தேங்காய் துருவ, ஒருத்தி முட்டை உடைக்க, சிறுமிகள் மருதாணிக் கையை நீட்டிக்கொண்டு "லாத்தா, மூக்கு அரிக்குது, சொறிஞ்சு விடு" என்று அடுப்படியைச் சுற்றுவார்கள். இரவு இரண்டு மணிவரை வேலை இருக்கும். காலையில் ஆண்கள் குளித்து, புது உடுப்பும் அத்தருமாக, ஒற்றைப்படையில் பேரீச்சம்பழம் தின்றுவிட்டுத் தொழுகைக்குப் போவார்கள். பெண்களில் பலர் அந்நேரம் இடியாப்பம் பிழிந்துகொண்டிருப்பார்கள். தேங்காய் துருவ ஆண்களுக்கும் கை இருக்கிறது என்பதை எந்த மத்ஹபும் மறுக்கவில்லை.

இத்தனை சொன்னபின், பெருநாளுக்கென்று ஏழைகளுக்கு அளந்து கொடுக்கும் ஃபித்ராவைப் பற்றிச் சொல்லாமல் இந்த அத்தியாயம் முடியாது. பெருநாள் தயாரிப்பில் கடமையான தயாரிப்பு அது ஒன்றுதான். வீட்டில் ஒரு தலைக்கு ஒரு ஸாஉ: சராசரி ஆள் இரு கைகளையும் சேர்த்து நான்கு தடவை அள்ளுகிற அளவு. இன்றைய எடையில் இரண்டரையிலிருந்து மூன்று கிலோ. ஆறு பேர் உள்ள வீட்டுக்குக் குறைந்தது 15 கிலோ அரிசி. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் கரையோர வீடுகளில் தானியமாகவே அளக்க வேண்டும். ஹனஃபி வழி நடக்கும் ராவுத்தர் வீடுகளில் விலையாகவும் கொடுப்பதுண்டு. ரமளான் கடைசி நாள் சூரியன் மறையுமுன் பிறந்த குழந்தைக்கும் ஷாஃபிஈ சட்டத்தில் ஃபித்ரா உண்டு. அந்தப் பெருநாளுக்கு வேண்டியது போக மிச்சம் இருந்தால் ஏழையும் கொடுக்க வேண்டும். அதனால் ஒரு வாசலில் வாங்கி இன்னொரு வாசலில் கொடுக்கிற வீடுகளும் இருக்கின்றன.

பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. நாம் அந்த விதியின் கடைசி நிமிஷத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். பிறை தெரிந்த பிறகு அரிசி அளந்து, பொட்டலம் கட்டி, நடுச்சாமத்தில் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறோம். வாங்குகிற வீட்டிலும் ஓர் அடுப்படி இருக்கிறது, ஒரு தேங்காய்க் கணக்கு இருக்கிறது. அங்கே மாவு வறுக்க முன்கூட்டி அரிசி இல்லை. முட்டைக்குக் காசு கையில் வரும்போது கடை சாத்தியிருக்கிறது. நாம் ஒரு மாதமாகச் சிறுகச் சிறுகச் செய்த தயாரிப்பை அந்த வீட்டுப் பெண் நான்கு மணி நேரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. தொழுகைக்கு முந்தி அன்று காலையில் கொடுப்பதுதான் சிறப்பு என்று சொல்வார்கள், அது சரிதான். ஆனால் ரமளான் பிறந்தது முதலே கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ சட்டம் இடம் தந்திருக்கிறது. ஹனஃபியிலும் முன்கூட்டிக் கொடுக்கத் தடையில்லை.

ஆகவே இந்த வருஷம் உங்கள் வீட்டு இடியாப்ப மாவுக்கு அரிசி ஊறப்போடும் அன்றைக்கே ஃபித்ரா அரிசியையும் அளந்துவிடுங்கள். 27-ஆம் கிழமைக்குள் அது போய்ச் சேரட்டும். கூடவே இரண்டு தேங்காயும், பத்து முட்டைக்கான காசும் ஃபித்ராவில் சேர்க்காமல் தனியாகக் கொடுத்தனுப்புங்கள்.

(தொடரும்)