காரில் கோலம் போட்டது யார்?

புது பெயின்ட் அடித்த காரை ராத்திரி எட்டு மணிக்குப் பட்டறை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து, "ஆஹா!" என்று வாயைப் பிளந்து, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஓட்டி வந்தவரா நீங்கள்? உங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மறுநாள் காலை பத்து மணி வெயிலில் அதே காரைப் பாருங்கள். பானெட் முழுக்க வளைவு வளைவாகக் கோலம் போட்ட மாதிரி கோடுகள். நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகரும். தலையைச் சாய்த்தால் அதுவும் சாயும். கறுப்பு, கருநீலம், மெரூன் என்றால் கேட்கவே வேண்டாம். தீபாவளி சங்குசக்கரம்தான்!

பதறிப்போய் போன் போட்டால் பதில் தயாராக இருக்கும்.

"அது ஒண்ணுமில்லே சார்... புது பெயின்ட்னா அப்படித்தான் இருக்கும். நாலு வாஷ் போனா சரியாயிடும்."

சரியாகாது. நாலு வாஷ் போனால் இன்னும் பளிச்சென்று தெரியும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தக் கோலத்துக்குத் தொழிலில் 'ஹாலோகிராம்' என்று பெயர். கிரெடிட் கார்டில் மின்னுகிற ஸ்டிக்கர் மாதிரி, பார்க்கிற கோணம் மாறினால் ஆடுவதால் வந்த பெயர். கார்டில் இருந்தால் அசல் என்று அர்த்தம். காரில் இருந்தால், வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம்.

வட்டி தராத டெபாசிட்

சமாச்சாரம் எங்கே நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

இன்றைய காரின் தகரத்துக்கு மேல் பொதுவாக நாலு பூச்சு. துருப் பிடிக்காமல் இருக்க, மின்சாரம் பாய்கிற தொட்டியில் முக்கி எடுத்த பூச்சு ஒன்று. அதற்கு மேல் பிரைமர். அதற்கு மேல், மனைவியோடு சண்டை போட்டு நீங்கள் தேர்ந்தெடுத்த கலர். எல்லாவற்றுக்கும் மேலே, கலரே இல்லாத 'கிளியர் கோட்'. கம்பெனி பெயின்ட்டில் நாலும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் மட்டும் ஏறக்குறைய 35 முதல் 50. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடி (இருந்தால்) சுமார் 70 மைக்ரான். அதாவது, லட்சக்கணக்கில் கடன் வாங்கி வாங்கிய காரின் பளபளப்பு மொத்தமும் ஒரு முடியின் தடிமன்கூட இல்லாத படலத்தில் இருக்கிறது!

அந்தப் படலம் அழகுக்கு மட்டும் இல்லை. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்தும் அதில்தான் கலந்திருக்கிறது. அது ரொம்ப மெலிந்தால் கலர் வெளுக்கும். கடைசியில் வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி உரியும்.

பி.காம். படித்த புத்தியில் சொல்கிறேன். கிளியர் கோட் என்பது முதல். வாக்ஸ் தடவுவது நடப்புச் செலவு. போனால் போகட்டும், அடுத்த மாதம் மறுபடி தடவலாம். மெஷின் பாலீஷ் அப்படியில்லை. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்தே கொஞ்சம் எடுக்கிறோம். திரும்பக் கட்ட ஒரே வழி, மறுபடி பெயின்ட் அடிப்பதுதான்.

பழைய அம்பாஸடர் காலத்தில் பெரும்பாலும் கலரேதான் மேல்பூச்சு. பாலீஷ் போட்ட துணியில் கார் கலர் ஒட்டும். யாரும் கவலைப்பட மாட்டார்கள். இன்றைய கிளியர் கோட் காரில் துணியில் கலர் ஒட்டினால், சோலி முடிந்தது. கிளியர் காலி!

பளபளப்பைத் தேய்ப்பானேன்?

"புது பெயின்ட்டை யாராவது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாங்களா?" என்று கேட்பீர்கள். தேய்ப்பார்கள்.

ஸ்பிரே அடித்த பெயின்ட் எப்போதும் கண்ணாடி மாதிரி உட்காராது. ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி பொரிப் பொரியாக நிற்கும். போதாக்குறைக்குத் தெருப் புழுதி, ஒரு கொசு எல்லாம் ஈரப் பெயின்ட்டில் வந்து சமாதியாகியிருக்கும். இந்த மேடுகளைச் சமன் செய்யத்தான், 1500, 2000, 3000 என்று நம்பர் ஏற ஏற நைஸாகிற வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கிறார்கள். தேய்த்து முடித்ததும் கார், பள்ளிக்கூடத்து சிலேட்டு மாதிரி மங்கிப்போய் நிற்கும். சொந்தக்காரர் அந்த நேரத்தில் பட்டறைப் பக்கம் வராமல் இருப்பது இதயத்துக்கு நல்லது.

தேய்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. 1500-ல் நெடுக்காகத் தேய்த்தால், அடுத்த பேப்பரைக் குறுக்காகப் போடவேண்டும். நெடுக்குக் கோடு ஒன்றுகூட இல்லாமல் மறைந்தால்தான் அந்தக் கட்டம் பாஸ். அவசரத்தில் 2000-ஐத் தாண்டிக் குதித்தால், 1500 போட்ட ஆழமான கோடு அடியிலேயே தங்கிவிடும். மேலே எத்தனை பாலீஷ் போட்டாலும் வெயிலில் எட்டிப் பார்க்கும்.

தண்ணீர் விட்டுத் தேய்க்கிற இந்தத் தாளுக்கு நூறு வயசு தாண்டிவிட்டது. அமெரிக்காவில் த்ரீ எம் கம்பெனி 1921-ல் கொண்டுவந்தது. அதைக் கார் பட்டறைகளுக்கு எடுத்துப் போய்ச் சோதிக்கிற வேலை ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞருக்கு. அங்கே, ரெண்டு கலர் அடிக்கிற பெயின்ட்டர்கள் நடுவில் காகிதம் ஒட்டி, பிய்க்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து பிய்ந்து வருகிறதே என்று திட்டித் தீர்ப்பதைப் பார்த்தார். 1925-ல் அவர் கண்டுபிடித்ததுதான் மாஸ்கிங் டேப். நம்முடைய வேலை உப்புத்தாள் விற்பதுதானே என்று அவர் சும்மா இருந்திருந்தால், இன்று பஃபிங் போடும்போது காரின் ஓரங்களில் ஒட்ட டேப் இருந்திருக்காது.

ஓரம் என்றதும் ஒரு எச்சரிக்கை. கதவு விளிம்பு, பானெட் நடுக்கோடு மாதிரி மடிப்புகளில் பெயின்ட் மெலிசாக நிற்கும். மெஷின் ஒரு கணம் அதிகம் உட்கார்ந்தால் போதும், உள்ளேயிருந்து பிரைமர் சிரிக்கும். பைக் டேங்க்கில் வளைவுகள்தான் அதிகம் என்பதால், 'நானே பாலீஷ் போடுறேன்' ஆசாமிகள் ரெட்டை ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

ரெண்டு மெஷின், ரெண்டு குணம்

உப்புத்தாள் கோட்டை எடுக்கிற முதல் ஆள் 'ரோட்டரி'. ஒரே அச்சில், ஒரே பக்கமாக, நிமிஷத்துக்கு ஆயிரம், ரெண்டாயிரம் சுற்று. அதில் கம்பளி பேட் மாட்டி, காம்பவுண்ட் தடவி ஓட்டினால் மளமளவென்று கோடுகள் கரையும். காம்பவுண்ட் என்பது வேறொன்றுமில்லை, அலுமினியம் ஆக்ஸைடு மாதிரி கடினமான பொடியைக் குழைத்த பசை. உப்புத்தாளின் பேரன்!

ரோட்டரி கில்லாடிதான், ஆனால் முரடன். ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேற்றிப் பெயின்ட்டைக் கருக்கிவிடும். பிளாஸ்டிக் பம்பரில் சூடு சீக்கிரம் பரவிப் போகாது என்பதால் அங்கே ஆபத்து இன்னும் அதிகம். தவிர, ஒரே பக்கமாகச் சுற்றுவதால், போன வழியெல்லாம் வரிசையாக ஒரே வாட்டத்தில் நுண்ணிய கீறல்களை விட்டுச் செல்லும். வெயில் படும்போது அத்தனையும் ஒரே திசையில் ஒளியைத் திருப்பும். அதுதான் ஹாலோகிராம். கோலம் போட்டது யார் என்பதற்கு விடை கிடைத்ததா?

அந்தக் கோலத்தை அழிக்கிற ஆள் 'டூயல் ஆக்‌ஷன்'. சுருக்கமாக டி.ஏ. இதன் பேட் பூமி மாதிரி, தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இன்னொரு வட்டத்திலும் சுற்றும். போன தடத்திலேயே மறுபடி போகாது. அதனால் வரிசைக் கீறலுக்கு வழியில்லை. மெத்தென்ற ஃபோம் பேட், ரொம்ப நைஸான பாலீஷ், லேசான அழுத்தம், கோலம் மறையும். ஆவேசமாக அழுத்தினால் பேட் சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சும்மா நடுங்கும். விவரமான தொழிலாளி பேட் பிடிக்கிற தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருப்பார். கோடு சுற்றுவது தெரிந்தால் வேலை நடக்கிறது.

முறையும் முக்கியம். நிழலில் நிறுத்தி, நன்றாகக் கழுவி, முதலில் ஒரு மூலையில் மட்டும், இருப்பதிலேயே சாதுவான பாலீஷில் ஆரம்பித்துப் பார்ப்பார்கள். போதவில்லை என்றால்தான் அடுத்த சரக்கு. ரெண்டடிக்கு ரெண்டடி இடம், பட்டாணி அளவில் நாலு சொட்டு, நெடுக்காகவும் குறுக்காகவும் பாதிப் பாதி மேலே விழுகிற மாதிரி ஓட்டி, துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த இடம். பேட்டை அடிக்கடி சுத்தம் செய்யவேண்டும். அழுக்குப் பேட்டில் பாலீஷ் போடுவது, அழுக்குத் துணியால் மூக்குக் கண்ணாடி துடைக்கிற கதை.

மறைத்தால் மறையுமா?

இப்போது அந்த 'நாலு வாஷ்' ரகசியம். கோலத்தை எடுக்க நேரமாகும். மறைக்கப் பத்து நிமிஷம் போதும். எண்ணெயும் மெழுகும் கலந்த கிளேஸ் ஒன்றைத் தடவினால் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கார் ஜொலிக்கும். நாலு வாஷில் எண்ணெய் போகும், கீறல் பல்லைக் காட்டும். பழைய கார் வாங்கப் போகும்போது, இப்போதுதான் மேக்கப் போட்ட மாதிரி மின்னுகிற வண்டியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அதேபோல, கோலத்தை எடுக்காமல் மேலே செராமிக் கோட்டிங் போடுவது, கறை படிந்த சட்டிஃபிகேட்டை லாமினேட் செய்வது மாதிரி. கறையும் பத்திரமாக இருக்கும்!

ஆனால் பழியை எல்லாம் பட்டறை மேலேயே போடுவது நியாயமில்லை. நாம் என்ன செய்கிறோம்?

"எவ்வளவு ஆகும்?"

தொகையைச் சொல்வார்.

"ரொம்ப ஜாஸ்தி. பாதி பண்ணுங்க. அப்புறம்... சாயங்காலத்துக்குள்ளே வண்டி வேணும்."

பாதி விலைக்குப் பாதி வேலை. எந்தப் பாதி வெட்டுப்படும்? டி.ஏ. மெஷினில் பொறுமையாகச் செய்கிற கடைசிக் கட்டம்தான். ட்யூப்லைட்டில் அது இல்லாதது தெரியாதே! அவசரத்துக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. பெயின்ட் நன்றாக இறுகாமல் தேய்த்துப் பாலீஷ் போட்டால், உள்ளே மிச்சமிருக்கும் தின்னர் ஆவியாகப் போகப் போக பெயின்ட் சுருங்கி, சில வாரங்களில் பழைய உப்புத்தாள் கோடுகள் மறுபடி தலைகாட்டும்.

அந்த மெஷினைப் பிடிக்கிற தம்பியையும் ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்கக் கை அதிர, காது அடைக்க, முகத்தில் காம்பவுண்ட் தெறிக்க, பல பட்டறைகளில் மாஸ்க்கூட இல்லாமல் நிற்கிறார். உங்கள் காரின் முடியளவு முதல் அவருடைய மணிக்கட்டில்தான் இருக்கிறது. ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்தால் ரெண்டும் பிழைக்கும்.

பணம் கொடுப்பதற்கு முன்...

* பகலில் டெலிவரி எடுங்கள். வெயிலில் நிறுத்தி, சுற்றி நடந்து பாருங்கள். மேகமூட்டமா? செல்போன் டார்ச் போதும்.

* "கடைசி ஸ்டெப் எந்த மெஷினில், எந்த பேட்டில்?" என்று வேலைக்கு முன்பே கேளுங்கள். கேட்கத் தெரிந்தவர் காரில் வேலை சுத்தமாக இருக்கும்.

* சந்தேகமா? ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு இடத்தில் துடைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் வேஷம் கலையும். (நேற்று அடித்த பெயின்ட்டில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.)

* பெயின்ட் தடிமன் பார்க்கிற மீட்டர் உள்ளங்கை அளவுதான். பழைய காரில் ஒரு கதவு மட்டும் மற்றதைவிடப் பல மடங்கு காட்டினால், அடியில் பட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

* தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசு தட்டுவதை நிறுத்துங்கள். தூசு என்பது மணல். மணலும் துணியும் சேர்ந்தால் அதுவே உப்புத்தாள். முதலில் தண்ணீர், அப்புறம் ஷாம்பு, மைக்ரோஃபைபர். சோப்புத் தண்ணீருக்கு ஒரு பக்கெட், துணி அலச ஒரு பக்கெட்.

இப்படிப் பொறுமையாகச் செய்த பானெட் கண்ணாடி மாதிரி வரும். குனிந்தால் முகம் தெளிவாகத் தெரியும். அதில் தெரிகிற நரைக்கும் சுருக்கத்துக்கும் மட்டும் எந்தப் பட்டறையிலும் காம்பவுண்ட் கிடையாது!