எலுமிச்சை இலையில் ஒரு வெள்ளிக் கோடு

எங்கள் கொல்லை எலுமிச்சையின் தளிரில் நத்தை ஊர்ந்ததுபோல் ஒரு வெள்ளிக் கோடு. துடைத்தால் போகாது, இலையின் தோலுக்குள் இருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், வளைந்து வளைந்து போகும் அந்தக் கோட்டின் முனையில் புழு தெரியும். இலையின் ஓரத்தை மடித்து உள்ளே கூட்டுப்புழுவாகி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீள அந்துப்பூச்சியாக வெளிவரும். 1856இல் கல்கத்தா மாதிரிகளைப் பார்த்து இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஸ்டெயின்டன்.

இத்தனை சிறிய அந்துப்பூச்சிகளைச் சிற்றந்து என்கிறோம். ஆனால் பெரிய அந்து, சிறிய அந்து என்பது நம் வசதிக்குப் போட்ட கோடு. பிறப்புவழி உறவு அதற்குள் அடங்காது. சிறியவற்றிலேயே உறிஞ்சுகுழல் இல்லாமல் தாடையால் மகரந்தம் மெல்லும் பழங்குடும்பம் ஒன்று உண்டு. சிறகு பறவை இறகுபோல் பிளந்தவையும் உண்டு.

இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்த எட்வர்ட் மெய்ரிக், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றந்துகளுக்குப் பெயரிட்டார். எனக்கு இது தீராத வியப்பு. ஆனால் அவர் நம்பியது கைலென்சையும் சிறகு நரம்புகளையும். ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் இரண்டு இனங்களைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இனப்பெருக்க உறுப்பின் வடிவம்தான். அந்த உறுப்பைப் பார்ப்பதற்காகவே அவருடைய மாதிரிகளை இன்றும் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள்.

நேற்று இன்னொரு தளிரிலும் கோடு. கிள்ளிப்போட மனம் வரவில்லை.